சுவாரெஸ், எவ்ரா, அந்த வெள்ளை டீ-ஷர்ட்: சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு கேஸ் ஆய்வு

மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்குற சுங்கை சிப்புட்ல பந்து பாக்குற கூட்டத்துக்கு ரெண்டே கட்சிதான், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட். மத்ததெல்லாம் நடுவுல வந்து சேந்தது. இந்த ரெண்டு கட்சிக்காரங்களும் எத வெச்சு வாய்ச்சண்டைய ஆரம்பிச்சாலும் கடைசியில வந்து நிக்கிற எடம் சுவாரெஸ்-எவ்ரா கேஸ்தான். லிவர்பூலுக்கு ஆடுன உருகுவேக்காரர் லூயிஸ் சுவாரெஸ், யுனைடெட்ல ஆடுன பிரான்ஸ்காரர் பாட்ரிஸ் எவ்ராவ நிறத்த வெச்சு திட்டுனாருங்கிற பொகார், 2011ல நடந்த விஷயம். அப்ப தமிழ்ப்பள்ளியில ஒன்னாப்பு படிச்சிட்டிருந்த பையன்லாம் இப்ப வேலைக்குப் போயிட்டு வந்து மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உக்காந்து "அது சும்மா கிளப்பிவிட்ட கதை அண்ணே, எவ்ரா எப்பவுமே அப்படித்தான்"ங்கிறான். இங்கிலாந்து கால்பந்து சங்கம் (எஃப்.ஏ.) அமைச்ச விசாரணை கமிஷனோட அறிக்கை 115 பக்கம், இணையத்துல இலவசமா கெடந்துச்சு, ஒருத்தனும் தொட்டுப் பாக்கல. நான் படிச்சிருக்கேன், அதனால முழுசா எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன்.

முன்னாடியே சொல்லிடுறேன், எனக்கு இதுல ஒரு கருத்து இருக்கு. சுவாரெஸ் வாயில வந்ததுக்கு கெளம்புன எதிர்ப்ப விட, அவர் பக்கம் நின்னவங்க அடுத்த நாலு மாசம் பண்ண வேலைக்கு வந்த எதிர்ப்புதான் பெருசு. அப்புறம், ரெண்டு பேர் மட்டும் இருந்த எடத்துல பேசுன பேச்ச நிரூபிச்சது எந்த வீடியோவும் கெடையாது, ஆட்டம் முடிஞ்ச கொஞ்ச நேரத்துலயே ரெஃப்ரி ரூம்ல எழுதுன குறிப்புதான் பெரும்பங்கு.

அன்னிக்கு என்ன நடந்துச்சு

2011 அக்டோபர் 15, சனிக்கிழமை, ஆன்ஃபீல்டு. அங்க மத்தியானம் பன்னெண்டே முக்காலுக்கு ஆட்டம்னா நமக்கு ராத்திரி 7.45. தீபாவளிக்கு ரெண்டு வாரம் கூட இல்ல, டவுன்ல கூட்டம், கடையில நாற்காலி பத்தாம நின்னுட்டுதான் பாத்தாங்க. 68ஆவது நிமிஷம் ஜெராட் ஃப்ரீ கிக், 81ல எர்னாண்டெஸ் தலையால முட்டி 1-1. டிவியில பாத்தவனுக்கு அவ்ளோதான் ஆட்டம். ஒரு கார்னர் அப்போ சுவாரெஸும் எவ்ராவும் ஏதோ முணுமுணுன்னு பேசுறது தெரிஞ்சுது, ரெஃப்ரி ஆண்ட்ரே மரினர் ரெண்டு பேரையும் கூப்பிட்டு அடங்குங்கன்னு சொன்னது தெரிஞ்சுது, சத்தம் எதுவும் கேக்கல.

கேக்காத அந்த பகுதிதான் கேஸு. அஞ்சு நிமிஷம் முன்னாடி சுவாரெஸ் எவ்ராவோட முட்டியில ஒதச்சிருக்காரு. 63ஆவது நிமிஷம் கார்னருக்கு ரெண்டு பேரும் கோல் முன்னாடி நிக்கிறப்ப, எவ்ரா ஸ்பானிஷ்ல, சுவாரெஸோட சகோதரிய இழுத்து ஒரு கெட்ட வார்த்தைய சொல்லி, ஏன்யா ஒதச்சன்னு கேட்டிருக்காரு. இத எவ்ராவே விசாரணையில ஒத்துக்கிட்டாரு, யாரும் அவர்கிட்ட இருந்து புடுங்கல. அதுக்கு சுவாரெஸ் சொன்ன பதில் "நீ கருப்பன்ங்கிறதால"ன்னு எவ்ரா சொல்றாரு. இன்னொருவாட்டி சொல்லு, குத்திருவேன்னு இவரு சொல்ல, கருப்பங்ககூட நான் பேசுறது இல்லன்னு அவரு சொல்ல, அதுக்கப்புறம் நெக்ரோங்கிற வார்த்தைய, ஸ்பானிஷ்ல கருப்பன்னு அர்த்தம், மூணு வாட்டி அடுக்கியிருக்காரு. நடுவுல சுவாரெஸ் எவ்ராவோட கைத்தோல லேசா கிள்ளுனது வீடியோவுல இருக்கு. ரெஃப்ரி கூப்பிட்டு அனுப்புனதுக்கு அப்புறம் பின்னந்தலையில கை வெச்சதும் இருக்கு.

ஆட்டம் முடிஞ்சு எவ்ரா பிரெஞ்சு டிவி கனால் பிளஸ்ல "பத்து தடவையாவது" சொன்னாருன்னு பேசிட்டாரு. இங்கதான் நம்ம கடை லிவர்பூல்காரங்க இன்னிக்கு வரைக்கும் புடிச்சிக்கிற கொம்பு. டிவியில பத்துங்கிறான், விசாரணையில வேற கணக்கு வருது, அப்ப பொய்தானேன்னு. பிரெஞ்சுல அப்படி சொல்றது ஒரு பேச்சு வழக்கு, நெறைய தடவைன்னு அர்த்தம்னு எவ்ரா விளக்கம் குடுத்தாரு, நம்ம அம்மாமாருங்க நூறு தடவ சொல்லிட்டேன்னு திட்டுறாங்களே அதுக்கு யாரும் கணக்கு கேக்குறது இல்ல.

ரெஃப்ரி ரூம்

இந்தப் பகுதிய பொறுமையா படிங்க, இதுலதான் கேஸே இருக்கு.

ஆட்டம் முடிஞ்சதும் எவ்ரா டிரெஸ்ஸிங் ரூம்ல கூட ஆடுனவங்ககிட்ட சொல்லியிருக்காரு, யுனைடெட் மேனேஜர் பெர்குசன்கிட்ட சொல்லியிருக்காரு. பெர்குசன் கையோட அவர கூட்டிட்டு ரெஃப்ரி ரூமுக்குப் போயிட்டாரு. அங்க எவ்ரா சொன்னத நாலாவது அதிகாரி ஃபில் டவுட் குறிப்பு எடுத்தாரு. அதுக்கப்புறம் லிவர்பூல் பக்கத்துல இருந்து மேனேஜர் கென்னி டால்கிலிஷும் கிளப்போட ஃபுட்பால் டைரக்டர் டாமியன் கொமோலியும் வந்தாங்க. கொமோலி சுவாரெஸ்கிட்ட போயி கேட்டுட்டு வந்து, சுவாரெஸ் என்ன சொன்னாருன்னு ரெஃப்ரிகிட்ட சொல்றாரு: "நீ கருப்பன்"னு. இன்னொரு பக்கம் டர்க் கைட், அவரும் லிவர்பூல் ஆளு, சுவாரெஸ் ஹாலந்து கிளப் அயாக்ஸ்ல ஆடுனவர்ங்கிறதால ரெண்டு பேரும் டச்சுல பேசிக்குவாங்க, கைட்கிட்டயும் சுவாரெஸ் டச்சுல "நீ கருப்பன்ங்கிறதால"ன்னு சொன்னதா சொல்லியிருக்காரு.

புரியுதா? எதிரி பக்கத்து சாட்சி இல்ல இது. சொந்த கிளப்போட ரெண்டு பேரு, தனித்தனியா, ரெண்டு வேற மொழியில கேட்டது, எவ்ரா சொன்னதுகூட ஒத்துப் போகுது. ஆனா விசாரணைக்கு வந்தப்ப சுவாரெஸ் சொன்னது வேற. ஒரே ஒரு வாட்டிதான் அந்த வார்த்தைய சொன்னேன், அதுவும் எங்க ஊர்ல கூட்டாளிய கூப்பிடுற மாதிரி, சமாதானமா, "ஏன், நெக்ரோ?"ன்னு கேட்டேன்னு. உருகுவேல அப்படி ஒரு வழக்கம் இருக்குங்கிறது பொய் இல்ல, மொழி நிபுணர் ரெண்டு பேர கூப்பிட்டு கேட்டாங்க, அன்பாவும் சொல்லுவாங்க திட்டவும் சொல்லுவாங்கன்னு அவங்க சொன்னாங்க. அப்ப கேள்வி, ஒருத்தன் ஒன்ன ஒதச்சிட்டு, கிள்ளிட்டு, மொறச்சிக்கிட்டு நிக்கிறப்ப அது எந்த வகைங்கிறதுதான். கிள்ளுனதும் சமாதானத்துக்குத்தான்னு சுவாரெஸ் சொல்லியிருக்காரு, கமிஷன் அத நம்பவே முடியாதுன்னு தள்ளிடுச்சு.

கமிஷன்ல மூணு பேரு, தலைவர் பால் கோல்டிங்னு ஒரு சீனியர் வக்கீலு, கூட பிரையன் ஜோன்ஸ், அப்புறம் முன்னாள் மேனேஜர் டெனிஸ் ஸ்மித். டிசம்பர் 14ல இருந்து 20 வரைக்கும் விசாரணை. முடிவு: ஏழு தடவை சொல்லியிருக்காரு, எவ்ரா சொன்னது நம்புற மாதிரி இருக்கு, சுவாரெஸ் சொன்னது மாறி மாறி வருது. 8 ஆட்டம் தடை, 40,000 பவுண்டு அபராதம், அப்ப காசுக்கு கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் வெள்ளி. ஏன் எட்டுன்னா, நிறத்த இழுத்தா தண்டனைய இரட்டிப்பாக்குன்னு விதி, அதுல 4 ஆட்டம், திரும்பத் திரும்ப சொன்னதுக்கு மேல ஏத்தி 8.

அறிக்கையில இன்னொன்னும் இருக்கு, இதையும் யாரும் சொல்றது இல்ல. சுவாரெஸ் ஒரு இனவெறியர்னு குற்றச்சாட்டே வெக்கல. எவ்ராவே அவர் அப்படிப்பட்ட ஆளுன்னு நான் நெனைக்கலன்னுதான் சாட்சி சொன்னாரு. அன்னிக்கு அந்த ஆட்டத்துல நீ வாயில என்ன விட்ட, அதுக்கு மட்டும்தான் தண்டனை. மாமாக் கடையில "அவன் தாத்தாவே கருப்புதான்டா"ன்னு மேசைய தட்டுறவனுக்கு இந்த ஒரு பாராவ காட்டணும்.

சட்டை

தீர்ப்பு வந்தது டிசம்பர் 20 சாயந்திரம், நமக்கு நடுராத்திரி தாண்டிருச்சு. கொஞ்ச நேரத்துல லிவர்பூல் கிளப் ஒரு அறிக்கை விட்டாங்க பாருங்க, இன்னிக்கு படிச்சாலும் தலைய சொறியத் தோணும். எஃப்.ஏ. விசாரிக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க, சுவாரெஸோட தாத்தா கருப்பர், அவரு தர்ம காரியமெல்லாம் பண்றாரு, எவ்ரா இதுக்கு முன்னாடியும் ஆதாரமில்லாம பொகார் குடுத்தவர், இப்படிப் போகுது. கடைசியா சொன்னதுதான் விஷம். 2008ல செல்சி மைதானத்துல ஒரு தகராறு, அதுல நிறவெறி வார்த்தை கேட்டுச்சுன்னு சொன்னது யுனைடெட் பயிற்சியாளருங்க ரெண்டு பேரு, எவ்ரா சொன்னதே இல்ல. ஆனா நம்ம ஊரு வரைக்கும் வந்து சேந்தது "எவ்ராவுக்கு இதே வேலை"ங்கிறதுதான். ஒரு கிளப் தன்னோட லெட்டர்ஹெட்ல எழுதுனா அது ஊருக்கு ஊரு உண்மையாயிடுது.

அடுத்த நாளே விகன்கூட ஆட்டம். நமக்கு விடியக்காலை நாலு மணி, பெரும்பாலும் யாரும் பாக்கல, காலையில ஃபேஸ்புக்ல படமாத்தான் பாத்தோம். வார்ம்-அப் பண்றப்ப லிவர்பூல் ஆட்டக்காரங்க மொத்த பேரும் வெள்ளை டீ-ஷர்ட், முன்னாடி சுவாரெஸ் படம், பின்னாடி அவர் பேரும் 7ஆம் நம்பரும். க்ளென் ஜான்சனும் போட்டிருந்தாரு, அவரும் கருப்பர். பழைய யுனைடெட் ஆட்டக்காரர் பால் மெக்ராத், அந்த எடத்துல நான் இருந்திருந்தா சட்டைய கழட்டி கீழ போட்டிருப்பேன்ங்கிற மாதிரி சொன்னாரு. டால்கிலிஷ் ட்விட்டர்ல, அவர தனியா நடக்க விடாதீங்கன்னு கிளப்போட பாட்டையே எடுத்துப் போட்டு எழுதுனாரு.

அதுவரைக்கும் பத்திரிகையில வந்தது சுவாரெஸ் பேரு. சட்டைக்கு அப்புறம் வந்தது லிவர்பூல் பேரு. நூறு வருஷத்துக்கு மேல பழைய கிளப், உலகம் பூரா ரசிகருங்க, அதுல எத்தனையோ பேரு வெள்ளைக்காரங்க கெடையாது, அந்த கிளப் என்ன பண்ணிருக்கணும்? மேல்முறையீடு போறோமான்னு யோசிக்கிறோம், அதுவரைக்கும் வாயத் தொறக்க மாட்டோம்னு ஒரு வரி போதும். பண்ணல. அறிக்கை முழுசா வெளிய வந்தது டிசம்பர் 31, கொமோலி சொன்னது கைட் சொன்னது எல்லாம் அதுல வெட்டவெளிச்சமா இருக்கு, ஜனவரி 3ஆம் தேதி கிளப் மேல்முறையீடு பண்ண மாட்டோம்னு சொல்லுது, சொல்றப்பவும் எஃப்.ஏ.வ திட்டிக்கிட்டேதான் சொல்லுது. ஆக, சொந்த ஆளு ரெண்டு பேரு ரெஃப்ரிகிட்டயும் விசாரணையிலயும் என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் சட்டை போட்டிருக்காங்க.

அப்புறம் வரிசையா. ஜனவரி 6 எஃப்.ஏ. கோப்பையில ஓல்டம் ஆட்டக்காரர் டாம் அடெயமிய ஆன்ஃபீல்டு கூட்டத்துல இருந்து எவனோ ஏதோ கத்த, அவரு ஆட்டத்துக்கு நடுவுல அழுதுட்டாரு. ஜனவரி 28 யுனைடெட் ஆன்ஃபீல்டுக்கு வந்தப்ப எவ்ரா பந்தத் தொட்டப்பல்லாம் கூச்சல். எவ்ராவுக்கு ஜெயில்ல இருந்தெல்லாம் கொலை மிரட்டல் கடிதம் வந்துச்சு, ரெண்டு மாசம் பாதுகாப்போட திரிஞ்சேன்னு அவரே 2020ல சொன்னாரு. தப்பு பண்ணவனுக்கு சட்டை, பொகார் குடுத்தவனுக்கு பாடிகார்டு.

கை குலுக்கல்

இதுல ஒரு வேடிக்கை. 2011 நவம்பர் 16ஆம் தேதி எஃப்.ஏ. சுவாரெஸ் மேல குற்றச்சாட்டு போடுது. அதே நாள் ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர் டிவியில உக்காந்து, மைதானத்துல இனவெறியே இல்ல, ஏதாவது பேசிக்கிட்டாலும் ஆட்டம் முடிஞ்சு கை குலுக்கிட்டா சரியாப் போச்சுங்கிறாரு. உலகமே காறித் துப்புச்சு, அப்புறம் மன்னிப்பு கேட்டாரு.

2012 பிப்ரவரி 11, ஓல்ட் டிராஃபோர்டு, நமக்கு ராத்திரி 8.45. அன்னிக்கு கடை நெரிசல் எப்படின்னா கடை முன்னாடி அஞ்சடி நடைபாதைக்கு வெளிய மோட்டாரு வரிசை. ஆட்டத்த விட முன்னாடி நடக்குற கை குலுக்கலத்தான் எல்லாரும் பாக்க வந்தாங்க. எவ்ரா கைய நீட்டுறாரு. சுவாரெஸ் கீழ இறக்குன பார்வையோட அவரத் தாண்டி கோல் கீப்பர் டே ஹியாகிட்ட போயிடுறாரு. எவ்ரா அவர் கைய புடிச்சு இழுக்கப் பாக்குறாரு. அடுத்து நின்ன ரியோ ஃபெர்டினாண்ட் சுவாரெஸுக்கு கை குடுக்கல. கடையில ஒரு நொடி சத்தமே இல்ல, அப்புறம் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எந்திரிச்சிட்டாங்க, அப்துல்லா அண்ணன்னு எல்லாரும் கூப்பிடுற சப்ளையரு கையில ரொட்டி தட்டோட நடுவுல மாட்டிக்கிட்டாரு. ரூனி ரெண்டு, சுவாரெஸ் ஒன்னு, யுனைடெட் 2-1. முடிஞ்சதும் எவ்ரா சுவாரெஸ் பக்கத்துலயே போயி குதிச்சாரு, அதுவும் நல்லா இல்லதான். பெர்குசன், இந்த ஆளு இனிமே லிவர்பூலுக்கு ஆடவே கூடாதுன்னாரு. டால்கிலிஷ் டிவிகாரர்கிட்டயே எகிறுனாரு, எல்லாத்துக்கும் சுவாரெஸ குத்தம் சொல்றது அநியாயம்னு.

இருபத்தி நாலு மணி நேரத்துல எல்லாம் தலைகீழ். சுவாரெஸ் மன்னிப்பு, டால்கிலிஷ் மன்னிப்பு, நிர்வாக இயக்குநர் இயன் அயர் பேர்ல மன்னிப்பு. பின்னாடி யாரு இருந்தா? சட்டையில பேர் போட கிளப்புக்கு காசு குடுக்குற ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் பேங்க், ரொம்ப ஏமாற்றமா இருக்கு, கிளப்புகிட்ட பேசியிருக்கோம்னு மன்னிப்புக்கு அடுத்த நாள் வெளிப்படையா சொன்னாங்க. அந்த பேங்க் பொழைக்கிறது ஆசியாவுலயும் ஆப்பிரிக்காவுலயும். 115 பக்கம் பண்ணாதத அந்தப் பேச்சு பண்ணிருச்சுன்னுதான் எனக்குத் தோணுது. பத்திரிகை எதிர்ப்பு, ரசிகர் எதிர்ப்பு, ட்விட்டர் எதிர்ப்பு எல்லாம் நாலு மாசமா இருந்துச்சு, கிளப் அசையல. காசு கட்டுறவன் மொகம் சுளிச்ச உடனே அசஞ்சிருச்சு. டால்கிலிஷ அந்த மே மாசம் வேலைய விட்டு தூக்கிட்டாங்க, லீக்ல எட்டாவது எடம்ங்கிறதுதான் முக்கிய காரணம், இத மட்டும் சொல்ல முடியாது.

நம்ம ஊரு ஏன் சட்டை பக்கம் நின்னுச்சு

இது எனக்கு வெள்ளைக்காரன் கதைய விட முக்கியம்.

நம்ம பையன்க பாடாங்ல, அதாவது ஊர் மைதானத்துல, ஆடுறவங்க. தாலுகா லீக், தோட்டத்துக் கோப்பை, கம்பம் (மலாய்க் கிராமம்) அணிகூட நட்பு ஆட்டம், எதுல ஆடுனாலும் மலாய்ல நம்மள இழிவா கூப்பிடுற, க-வுல ஆரம்பிக்கிற அந்த வார்த்தைய ஒரு தடவையாவது கேக்காம வளந்த தமிழ்ப் பையன் கெடையாது. எல்லா மலாய்க்காரரும் அப்படின்னு சொல்ல வரல, எங்க டீம்லயே ரெண்டு மலாய் பையனுங்க ஆடுனாங்க, அதுல ஒருத்தன் இதுக்காகவே இன்னொருத்தன் சட்டைய புடிச்சான். ஆனா கேட்டிருக்கோம். நாங்களும் வங்காளதேசத்து ஆளுங்கள, கருப்பா இருக்குற ஆப்பிரிக்க மாணவருங்கள எப்படி கூப்பிடுறோம்னு எல்லாருக்கும் தெரியும், அத எழுதுனா பாதிப் பேரு படிக்கிறத நிறுத்திடுவீங்க.

இப்படி கேட்டு வளந்தவன், லிவர்பூல் சட்டை போட்ட உடனே சுவாரெஸ் பக்கம் போயிட்டான். சும்மா போகல, சூடா போனான். எங்க கடையில ஒரு பெரியவரு இருந்தாரு, தோட்ட டீமுக்கு கோல் கீப்பரா நின்னவரு, மலேசிய அணியோட பழைய கோல் கீப்பர் "ஸ்பைடர்மேன்" ஆறுமுகத்த மைதானத்துல நேர்ல பாத்ததப் பத்தி ஒரு தே தாரிக் டீ முடியுற வரைக்கும் பேசுவாரு. கோல் பின்னாடி நிக்கிற கூட்டம் கீப்பர என்னென்ன சொல்லும்னு அவருக்குத் தெரியும், தொண்ணூறு நிமிஷம் முதுகுக்குப் பின்னாடி கேட்டவரு. அவரு அந்த டிசம்பர்ல சுவாரெஸ் பக்கம் பேசிட்டிருந்த ஒரு பையன பாத்து, "ஏன்டா தம்பி, போன மாசம் பாடாங்ல ஒன்ன அந்த நாயி சொன்னப்ப பூட்ஸ கழட்டி அடிக்கப் போனியே, அவனும் கூட்டாளிய கூப்பிட்டேன்னுதான் சொன்னான், நம்புனியா?"ன்னாரு. பையன் அதுக்கு சொன்ன பதில் இன்னும் காதுல இருக்கு: "அது வேற தாத்தா, அது நெஜம். இது டிவி."

எனக்கு அந்த பதில்ல கோவம் வரல. அவனுக்கு சனிக்கிழம ராத்திரி ரெண்டு மணி நேரம்தான் தான் எந்த பக்கம்னு சந்தேகமே இல்லாம உக்கார முடியுது. பள்ளிக்கூடத்துல, ஃபேக்டரியில, வாடகைக்கு வீடு தேடுறப்ப எல்லாம் அவன் யாருன்னு மத்தவன் முடிவு பண்றான். இங்க அவன் லிவர்பூல்காரன், அவ்ளோதான். அந்த எடத்துல வந்து எவ்ரா "என்ன கருப்பன்னு சொன்னான்"னு சொல்றப்ப, விட்டுட்டு வந்தது திரும்ப கடைக்குள்ள வந்து உக்காருது. அத வெளிய தள்ளத்தான் எவ்ராவ பொய்யன்ங்கிறான். இது என் அனுமானம்தான், ஆனா பதிமூணு வருஷத்துக்கு மேல அதே மேசையில கேட்டுக்கிட்டு வர்ற அனுமானம்.

இன்னொன்னு, அதே 2011 ஜூலை. லிவர்பூல் கோலாலம்பூர் வந்தாங்க, புக்கிட் ஜாலில்ல ஜூலை 16, 6-3 ஜெயிச்சாங்க, நம்ம ஊர்ல இருந்து வேன் புடிச்சுப் போனாங்க. அஞ்சு நாள் கழிச்சு செல்சி அதே ஸ்டேடியத்துல. யோசி பெனாயூன், இஸ்ரேல் ஆட்டக்காரரு, பந்தத் தொட்டப்பல்லாம் கூட்டத்துல ஒரு பகுதி ஊளையிட்டுச்சு. செல்சி பொகார் பண்ணாங்க, மலேசிய கால்பந்து சங்கம் மன்னிப்பு கேட்டுச்சு. அரசியல் கோவம் வேற, ஒரு ஆட்டக்காரன அவன் பொறப்ப வெச்சு கூச்சல் போடுறது வேறன்னு அப்ப எழுதுனவங்க கம்மி. மூணு மாசத்துல ஆன்ஃபீல்டு விவகாரம் வந்தப்ப "இங்கிலீஷ்காரன் எப்பவுமே இப்படித்தான்"னு இங்க சொல்லிக்கிட்டிருந்தோம்.

மத்த கேஸுங்க, சுருக்கமா

எவ்ரா கேஸ் நடந்து எட்டு நாள்ல செல்சி ஜான் டெர்ரி, கியூ.பி.ஆர். ஆட்டக்காரர் ஆன்டன் ஃபெர்டினாண்ட பேசுன விவகாரம். அது கோர்ட்டுக்கே போச்சு, 2012 ஜூலையில விடுதலை. ஆனா செப்டம்பர்ல எஃப்.ஏ. அதே வார்த்தைக்கு 4 ஆட்டம் தடையும் 220,000 பவுண்டு அபராதமும் போட்டுச்சு. கோர்ட்டு விட்டுருச்சே அப்புறம் எப்படின்னு கேக்குறவங்களுக்கு, கோர்ட்டுல நியாயமான சந்தேகம் இருந்தா விட்டாகணும், சங்கத்து விசாரணையில எது நடந்திருக்க அதிக வாய்ப்புன்னு பாத்தா போதும். 2013ல எஃப்.ஏ. குறைஞ்சது 5 ஆட்டம்னு விதி கொண்டு வந்துச்சு, பின்னாடி அதையும் மாத்திட்டாங்க.

2020ல யுனைடெட் ஆட்டக்காரர் கவானி, அவரும் உருகுவே, ஒரு கூட்டாளிக்கு நன்றி சொல்றப்ப அதே மாதிரி செல்லப் பேர இன்ஸ்டாகிராம்ல போட்டு, உடனே அழிச்சு, மன்னிப்பு கேட்டு, 3 ஆட்டம், 100,000 பவுண்டு. யாரும் சட்டை போடல, ஒரு மாசத்துல ஊரு மறந்துருச்சு. 2024ல டாட்டன்ஹம் பென்டான்குர், தன்கூட ஆடுற சோன் ஹியுங்-மின்னப் பத்தி உருகுவே டிவியில, அவங்க எல்லாம் ஒரே மாதிரிதானே இருப்பாங்கன்னு சிரிச்சிக்கிட்டு சொன்னாரு, 7 ஆட்டம். இதுக்கு நம்ம கடையில யாருமே வக்காலத்து வாங்கல, ஏன்னா டாட்டன்ஹமுக்கு இங்க கட்சி இல்ல.

லிவர்பூல் பக்கத்துல 2019ல ஜேமி கேரகர் டிவியில எவ்ரா பக்கத்துலயே உக்காந்து, அந்த சட்டை விஷயத்துல பெரிய தப்பு பண்ணிட்டோம்னு நேர்ல மன்னிப்பு கேட்டாரு, அவரு அன்னிக்கு துணை கேப்டன். அதுக்கப்புறம் கிளப்போட தலைமை நிர்வாகி பீட்டர் மூர் எவ்ராவுக்கு கடிதம் எழுதுனாரு. எட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு.

எழுதுறதுக்கு எடம்

கேஸ முடிவு பண்ணது ரெஃப்ரி ரூம் குறிப்புன்னு மேல சொன்னேன். இப்ப நம்ம பாடாங்குக்கு வாங்க. ஒரு பையன அந்த வார்த்தைய சொல்லி திட்டுறாங்க. ரெஃப்ரிக்கு கேக்குது. "மாயின் போலா சாஜா"ங்கிறாரு, பந்த மட்டும் ஆடுன்னு. அவர குத்தம் சொல்லவும் முடியல, ஐம்பது அறுபது வெள்ளி அலவன்ஸுக்கு வெயில்ல வந்து நிக்கிற மனுஷன், எழுதுனா ரெண்டு ஊரும் சேந்து அவர் வண்டிய சுத்தும். ஆட்டம் முடிஞ்சு டீம் மேனேஜர்கிட்ட சொன்னா "விடுடா, ஜெயிச்சிட்டோம்ல." தோத்திருந்தா "தோத்ததுக்கு சாக்கு சொல்றான்." அடுத்த வாரம் கேட்டா யாரு சொன்னா, எப்ப சொன்னா, யாருக்கு கேட்டுச்சு எதுவும் இல்ல. எவ்ரா ரெண்டு ராத்திரி பொறுத்திருந்து திங்கக்கிழம சொல்லியிருந்தாலும், கொமோலி அன்னிக்கு அந்த ரூமுக்குள்ள வந்து வாயத் தொறக்காம இருந்திருந்தாலும், கேஸ் கிட்டத்தட்ட நம்ம பாடாங் கேஸ் மாதிரிதான் போயிருக்கும்.

நாங்க ஆடுற லீக்ல ஆட்ட அறிக்கைன்னு ஒரு தாள் இருக்கு, ரெண்டு மேனேஜரும் கையெழுத்து போடணும். கோல் அடிச்சவன், மஞ்ச அட்ட, செவப்பு அட்ட, காயம், பந்து நல்லா இருந்துச்சா, வலை கிழிஞ்சிருந்துச்சா வரைக்கும் கட்டம் இருக்கு. வசவுக்கு கட்டம் இல்ல. போன கூட்டத்துல நானும் இன்னொரு டீம்ல இருந்து ஒரு மலாய் மேனேஜரும் சேந்து, கீழ ஒரு கட்டம் போடுங்க, யாரு யாரை என்ன சொன்னா, எத்தனையாவது நிமிஷம், யாருக்கு கேட்டுச்சு, அவ்ளோ போதும்னு கேட்டோம். செயலாளர், பழைய தாள் நூத்துக்கணக்குல அச்சடிச்சு மிச்சம் இருக்கு, அது தீரட்டும்னு சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் "வலை கிழிஞ்சிருந்துச்சா"ங்கிற கட்டத்துக்குப் பக்கத்துல இருக்குற காலி எடத்துல பேனாவால எழுதிக் குடுக்குறோம்.